நாயனக்காரர் திரும்பி வந்த சாயங்காலம்

என் ரெக்கார்டு பிளேயரில் நாயனக்காரர் காணாமல் போனார். தவில்காரர் மட்டும் தனியாக வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டில் நாயனம் இடது ஸ்பீக்கரில் வரும், தவில் வலதில் வரும். இடது பக்கம் ஊமையாகிவிட்டது.

இதற்காகவே காத்திருந்தவள் போல என் வீட்டுக்காரி, "இன்னாங்க, மேளம் வந்துட்சி, நாயனத்தைக் காணமே?" என்றாள். புது பிரிட்ஜ் வைக்க அவளுக்கு அந்த மூலை வேண்டும். "சாயங்காலம் என் தம்பி ஓரிக்கையிலேர்ந்து லோடு ஆட்டோ எடுத்துக்கினு வரான். அதுக்குள்ள ரெண்டு பக்கமும் பாடுச்சின்னா இருக்கட்டும். இல்லன்னா காயலான் கடைதான்."

"சரி மே" என்றேன். வாய்தான் வீரமாகச் சொன்னது.

அந்தப் பெட்டி கூரத்து மைக்செட்காரர் ஒருவரிடம் வாங்கியது. ஆடி மாசம் கூழ் ஊற்றுகிற இடமெல்லாம் அவர் செட்டுதான். வேப்ப மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது, கீழே போகிற அத்தனை பேரையும் உறவு சொல்லிக் கூப்பிடுவார். யார் யாரோ கேட்டும் பெட்டியை எனக்குத்தான் கொடுத்தார். அவர் கதையைத் தொடங்கினால் ஆட்டோ வந்துவிடும்.

முதலில் ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிச் சொருகினேன். ஊமை வலது பக்கம் போயிற்று. அப்படியென்றால் ஸ்பீக்கர் இரண்டும் நல்லது. கோளாறு அதற்கு முன்னாலேயே இருக்கிறது. வயர்களைப் பழையபடி மாற்றினேன். முள்ளைத் தாங்குகிற கார்ட்ரிட்ஜின் பின்னால் நாலு ஊசி. ஒவ்வொன்றிலும் தலைமயிர் போல ஒரு வயர், அதன் நுனியில் சின்னக் குழல். சத்தத்தைக் குறைத்து, தட்டு ஓடும்போதே பல் குத்தும் குச்சியால் இடது பக்கத்துக்கான வெள்ளை வயரை லேசாக அசைத்தேன். இடது பக்கம் கரகரவென்று ஓர் இருமல். நாயனக்காரர் உயிரோடுதான் இருந்தார்!

சுவிட்சை அணைத்துக் குழலை உருவினேன். ஊசியில் வெள்ளைப் பொடி. மோந்து பார்த்தேன். விபூதி.

போன வாரம் கார்ட்ரிட்ஜைக் கழற்றித் தூசி துடைத்தேன். திரும்ப மாட்டக் கை நடுங்கியதால் அவள்தான் மாட்டிக் கொடுத்தாள். எங்கள் பட்டுத் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு முடிந்தால், புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு முறுக்கிச் சேர்ப்போம். பட்டு வழுக்காமலிருக்க விரலில் விபூதி தொட்டுக்கொள்வது வழக்கம். அவள் சேர்த்த இழை அறுந்து நான் பார்த்ததில்லை.

"ஏ மே, இதுலயும் துண்ணூறு தொட்டா மாட்டினே?"

"பின்ன? எழை மாதிரியே இருந்துச்சி. வழுக்குச்சி, தொட்டுக்கினேன்."

"பட்டு புடிச்சிக்கும். கரண்டு புடிச்சிக்குமா?"

"சாமி துண்ணூறுக்கே பாடாத பெட்டி, நீங்க தடவிக் குடுத்தா பாடிடுமா?"

சர்க்கரை ஊசி போட வைத்திருக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து நாலு ஊசிகளையும் துடைத்தேன். குழல் தளர்ந்திருந்தது. கை ஆடாமலிருக்க மணிக்கட்டைக் கவிழ்த்த டம்ளர் மேல் ஊன்றி, குழலுக்குள் குச்சி முனையை விட்டு இடுக்கியால் அழுத்தினேன். அதிகமாகிவிட்டது, ஊசியில் ஏற மறுத்தது. குச்சியைத் திருகிக் குழலின் வாயை அகட்டி, மறுபடி துளி மட்டும் அழுத்தினேன். சிக்கென்று உட்கார்ந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"மாமா, தூக்கலாமா?" மச்சான் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"இருப்பா" என்று முள்ளை வைத்தேன்.

இடது பக்கத்திலிருந்து நாயனம் எழுந்தது. இருமல் இல்லை, கரகரப்பு இல்லை. தவிலைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது. எதிர்வீட்டில் தறிச் சத்தம் நின்றது. ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. நான் சத்தத்தை இன்னும் கூட்டினேன்.

"ஐயே, மாப்ள அழைப்பே வந்துட்சே!" என்று மச்சான் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டான்.

அவள் இரண்டு ஸ்பீக்கரிலும் மாறி மாறிக் காதை வைத்துப் பார்த்தாள். பேச்சு மாறுகிறவள் இல்லை.

"சரி, இருக்கட்டும். பிரிட்ஜு சமையக்கட்டுலயே நிக்கட்டும்" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "வண்டி சும்மா போக வேணாம்டா. உங்க மாமாவோட ஒடைஞ்ச சைக்கிளை ஏத்திக்கினு போ."

சைக்கிள் போனால் போகட்டும். தட்டைத் திருப்பிப் போட்டேன்.