மாமியின் முகம்

ஜூ டவுன் என்கிற பழைய யூதர் தெருவில் சுக்கும் மிளகும் விற்கிற கடை எனக்கு. மட்டாஞ்சேரி வீட்டில் பழைய டிவி இருந்தவரை ஒரு சிக்கலும் இல்லை. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ, அவர் வைத்ததைத்தான் எல்லோரும் பார்த்தாக வேண்டும். காக்கநாட்டில் ஐடி வேலை பார்க்கும் என் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. ஒரு பெருநாளுக்குப் புது டிவி வாங்கி வந்தாள். அதன் நெற்றியில் குன்றிமணி அளவுக்கு ஒரு கேமரா. முன்னால் வந்து உட்காருகிறவர் முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்து, அவருக்குப் பிடித்ததை மட்டும் எடுத்து வரிசையாகக் காட்டுமாம்.

"எனக்கு என்ன பிடிக்கும்னு இத்தனை வருசமா உனக்கே தெரியல. அதுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அது நாம பாக்கறதப் பாத்துக் கத்துக்கும் மச்சான். எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல," என்றாள்.

நான் கடையில் இருந்தபோதே மனைவி, மகள், பாலக்காட்டிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமியார், மூன்று பேரும் முகத்தைப் பதிந்துவிட்டார்கள். சாயங்காலம் நான் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு சோபாவில் உட்கார்ந்தேன். டிவி தானாக விழித்துக்கொண்டு, 'நன்னி' என்று குரல் கொடுத்தது. மலையாளப் பேச்சில் நன்னி என்றால் நன்றி. உட்கார்ந்ததற்கே நன்றி சொல்கிறதே, எவ்வளவு மரியாதையான டிவி என்று நினைத்தேன். அடுத்த நொடி, கண்ணீரும் கம்பலையுமாக நாலு சீரியல்கள் வரிசை கட்டி நின்றன.

மகள் தரையில் விழுந்து சிரித்தாள். "அத்தா, அது நன்றி இல்ல. நம்ம நன்னி! உங்கள நன்னினு நெனச்சிருச்சு!"

அவள் தன் பாட்டியை நன்னி என்றுதான் கூப்பிடுவாள்.

எங்கள் வீட்டு வழக்கப்படி மாமியார் மருமகன் எதிரே உட்கார மாட்டார். நான் ஹாலுக்குள் வந்தால் அவர் அடுக்களைக்குப் போய்விடுவார். என்னிடம் சொல்ல வேண்டியது எதுவானாலும் என் மகள் வழியாகத்தான் வரும். அன்றும் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "எனக்கு மீசை இருக்குதானு அந்தப் பெட்டிகிட்டக் கேளுடி."

மனைவி ஆராய்ந்து தீர்ப்புச் சொன்னாள். இரண்டு பேருக்கும் உருண்டைக் கன்னம், தடித்த கறுப்புக் கண்ணாடி. அவருக்கு முக்காடு, எனக்குத் துண்டு. துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அப்போதும் நன்னிதான். என் முகத்தைத் தனியாகப் பதியப் பார்த்தால், இது ஏற்கெனவே இருக்கிற முகம் என்று மறுத்தது. கோபத்தில் மீசையை எடுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு டிவிக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் போய்விட்டது.

சரிசெய்ய ஆள் வரும்வரை ஒரே முகத்தில் நாங்கள் இரண்டு பேரும் குடித்தனம் நடத்தினோம். நான் ஃபுட்பால் தேடிப் பார்த்தால், பகலில் அவருக்கும் ஃபுட்பால் வந்து நின்றது. அவர் விட்ட இடத்திலிருந்து சீரியல் எனக்கு ஓட ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு நிறுத்தத் தெரிந்தும் பார்த்தேன். மூத்த மருமகளை வீட்டைவிட்டுத் துரத்த ஒரு சூழ்ச்சி நடந்துகொண்டிருந்தது.

"யாரோ எனக்கு முந்தியே பாத்து வெச்சிருக்காங்க. இன்னைக்குக் கதை எங்கேயோ போயிருச்சு," என்று மாமி அடுக்களையில் புலம்பினார். நான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

ரெண்டு நாள் கழித்து மகள் தூது வந்தாள். "கோல் போட்டப்புறமும் ஏன் கோல் இல்லன்னாங்கன்னு நன்னி கேக்கச் சொல்லுச்சு."

"ஆஃப்சைடுனு சொல்லு."

போனாள், வந்தாள். "அப்படின்னா?"

சாயா கிளாஸ், சர்க்கரை டப்பா, பிஸ்கட் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி மகளுக்கு விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை. அடுக்களை வாசலில் பாதி முகம் தெரிய நின்றிருந்த மாமிக்குப் புரிந்துவிட்டது. "அப்ப அந்தச் சர்க்கரை டப்பா முன்னாடியே போய் நின்னது தப்பு," என்று நேராக என்னைப் பார்த்தே சொன்னார். சொன்னபிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

கடைசியில் திருப்பூணித்துறையிலிருந்து டிவி கம்பெனி ஆள் வந்தார். "சேட்டா, கண்ணட ஒண்ணு ஊரிக்கே," என்று கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, என் முகத்தைத் தனியாகப் பதிந்தார். ஒரு நிமிட வேலை. அன்று முதல் டிவி என்னை ஆண்பிள்ளையாக ஏற்றுக்கொண்டு ஃபுட்பாலாகக் கொண்டுவந்து கொட்டியது. சீரியலைத் தேடி எடுக்க எனக்குத் தெரியவில்லை. மகளைக் கேட்க வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் மாமி பாலக்காட்டுக்கு மகன் வீட்டுக்குப் போனார். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரச் சாயிப்புக்கு நான் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"மாப்ள, நான்தான்." கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு ஃபோன் செய்தது அதுதான் முதல் தடவை. பதறிப்போனேன்.

"என்ன மாமி, உடம்புக்கு ஏதாச்சும்?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. இங்க யாரும் பந்துகளி வெக்க மாட்டேங்கறாங்க. நேத்து நம்ம ஆளுக ஜெயிச்சாங்களா?"

"தோத்துட்டோம் மாமி. கடைசி நேரத்துல ஒரு பெனால்டி."

"அது பெனால்டியேதானா?"

"இல்லவே இல்ல. அவனா விழுந்தான்."

அந்த ரெஃப்ரியை அவர் சுத்தமான பாலக்காட்டுத் தமிழில் திட்டினார். சாயிப்பு தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கல்லாவுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"மாமி, அந்த மூத்த மருமக வீட்டைவிட்டுப் போயிட்டாளா?"

"அதயேன் கேக்கறீங்க மாப்ள," என்று அவர் ஆரம்பித்தார். முழுக்கக் கேட்டு முடித்துத்தான் மிளகைக் கட்டினேன்.