தண்ணீர்ச் சத்தம் இல்லாத முற்றம்

கொத்தனார்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஸ்ட்ரெச்சர் மேடம்’. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்று முடிகிற தறுவாயில் அவரே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டு, வாசலில் இருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை தள்ளிக்கொண்டு போகச் சொல்வார். மல்லாந்தபடியே குறிப்புகள் வரும். “இந்த லைட் கண்ணைக் குத்துது, ஓரமா மாத்துங்க. அந்த ஒயரெல்லாம் நேரா முகத்துக்கு மேல தொங்குது, மூடுங்க.”

வயது ஐம்பத்திரண்டு. கட்டடம் வரைவது தொழில். முதலில் கிடங்குகள்தான் வரைந்துகொண்டிருந்தார். இருபத்தாறு வயதில் தொடை எலும்பு உடைந்து ஆறு வாரம் படுத்துக் கிடந்தபோது, கூரையில் இருந்த ஈரக்கறையைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. ஜன்னல் இருந்தது, நிற்கிறவர்களுக்கு. எழுந்து நடமாடியதும் ஆஸ்பத்திரி வரைய வந்துவிட்டார். அவர் வரைகிற ஜன்னல் கட்டில் உயரத்தில் தொடங்கும். நடைவழியின் கைப்பிடி மரத்தில் இருக்கும். காய்ச்சல்காரர் கைக்கு இரும்பு சில்லென்று படும் என்பார்.

கடைசியாகக் கட்டியது நாற்பது கட்டில் கொண்ட வார்டு. அதன் கிழக்குப் பக்கம் திறந்த முற்றம். மூங்கில் புதர், ஒரு கல் தொட்டி, அதில் ஒரு முழ உயரத்தில் இருந்து விழும் தண்ணீர். அந்தச் சத்தம் சரியாக வர நாலு தடவை கல்லை மாற்ற வைத்தார். வார்டில் ஒரு மணி நேரம் படுத்துக் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார்.

திறந்து மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். கணவரின் தங்கை, அதே வார்டின் தலைமை நர்ஸ். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“அண்ணி, உங்க தண்ணிச் சத்தம் ரொம்ப அழகு. வர்றவங்க எல்லாம் போட்டோ எடுக்கறாங்க. என் நர்ஸ் புள்ளைங்களுக்குத்தான் இடுப்பு ஒடிஞ்சு போச்சு.”

“ஏன்?”

“சொட்டுச் சொட்டுன்னு நாள் முழுக்கக் கேட்டா என்ன வரும்? நாப்பது பேருக்கும் அதேதான் வருது. ஒருத்தருக்குப் பெட்பேன் வெச்சுட்டுத் திரும்பினா அடுத்த மணி அடிக்குது.”

கணக்கு வாத்தியாரான கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “நான் ரெண்டு பேர் பக்கமும் இல்லம்மா,” என்று காபி போட எழுந்து போனார்.

“தொட்டி மோட்டாரை நிறுத்த வேண்டியதுதானே?” என்றார் மேடம்.

“நிறுத்தினோமே. நாலே நாள்ல கொசு. அதான் நிர்வாகி முடிவு பண்ணிட்டார். முற்றத்தைக் கான்கிரீட் போட்டு மூடி ஜெனரேட்டர் வைக்கப் போறாங்க. நாளைக்கு இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கிழமை அளவெடுக்க வர்றாங்க.”

ஜெனரேட்டர் வந்தால் நாற்பது ஜன்னலும் சுவரைப் பார்க்கும்.

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சர் மேடம் வார்டில் காலியாக இருந்த பன்னிரண்டாம் கட்டிலில் போய்ப் படுத்தார். இந்த முறை இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு. முன்பு கேட்ட ஒரு மணி நேரத்தில், நோயாளிகளுக்கு ஏறுவதுபோல அவர் உடம்பில் சலைன் ஏறவில்லை. அதைத்தான் யோசிக்காமல் விட்டிருந்தார். பதினோரு மணிக்குள் நாலு தடவை எழுந்து போனார்.

“அஞ்சாவதா, அண்ணி?” என்றாள் நாத்தனார். “சீட்டுல குறிச்சுக்கட்டுமா?”

“குறிச்சுக்கோ. தப்பு என்னோடதுதான்.”

மத்தியானமே கொத்தனாரை வரவழைத்தார். குழாயின் வாயைத் தொட்டித் தண்ணீருக்கு அடியில் இறக்கச் சொன்னார். மோட்டார் ஓடும், தண்ணீர் புரளும், சத்தம் மட்டும் வராது. கொசுவுக்குச் சின்ன மீன்கள்.

கொத்தனாருக்கு மனசே வரவில்லை. “இந்தச் சத்தத்துக்குத்தானே மேடம் என்னை நாலு தடவை கல்லைப் பேர்க்க வெச்சீங்க?”

“நல்ல சத்தம்தான். படுத்திருக்கறவங்களுக்கு ஒத்துக்கலை. எறக்குங்க.”

சாயங்காலத்துக்குள் முற்றத்தில் மூங்கில் இலை உரசுவது மட்டும் கேட்டது. அன்று ராத்திரி வார்டில் மணி குறைந்தது. புதன்கிழமைக்குள் பாதியானது.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நாத்தனார் போனில் கூப்பிட்டாள். “அண்ணி, கூரையைப் பாக்க வாங்களேன்.”

தண்ணீர் விழுந்து கலங்கிக்கொண்டிருந்தவரை தெரியாத ஒன்று, மேல்பரப்பு அடங்கியதும் தெரிந்தது. காலை வெயில் தொட்டியில் பட்டு, தாழ்வான ஜன்னல் வழியாக ஏறி, கூரை முழுக்க வெளிச்ச வளையங்களாக நெளிந்துகொண்டிருந்தது. மீன் ஒன்று வாயைத் திறந்தால் கூரையில் ஒரு வட்டம் விரிந்தது. நோயாளிகள் மல்லாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை நிர்வாகி அளவெடுக்கும் டேப்காரரோடு வந்தார். ஸ்ட்ரெச்சர் மேடமும் வார்டில் காத்திருந்தார். முற்றத்துக்குப் போகிற வழியில் ஒன்பதாம் கட்டிலருகே நின்றார். அதில் படுத்திருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். குடலிறக்க ஆபரேஷன் முடிந்த ஆள். பை கட்டி முடித்து, சட்டை போட்டு, செருப்போடு படுத்திருந்தார். பக்கத்தில் மனைவி.

“உங்களை எட்டு மணிக்கே டிஸ்சார்ஜ் பண்ணியாச்சே?” என்றார் நிர்வாகி.

“நானும் அதைத்தான் சார் சொல்றேன்,” என்றாள் மனைவி. “காட்சி முடியட்டும்ங்கறாரு.”

“பத்தேகாலுக்கு மறைஞ்சிடும் சார்,” என்றார் டிரைவர், கண்ணை எடுக்காமல். “நீங்களும் உக்காருங்க.”

நிர்வாகி நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்திருக்க வேண்டும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நாத்தனார் நேற்றைய பெட்பேன் எண்ணிக்கையை அவரிடம் நீட்டினாள். படித்தார். பிறகு ஸ்ட்ரெச்சர் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“இது உங்க டிராயிங்ல இருந்துச்சா?”

“இல்ல சார்,” என்றார் அவர்.

நிர்வாகி இன்னும் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். அப்புறம் டேப்காரரிடம், “லாண்டரிக்குப் பின்னாடி ஜெனரேட்டருக்கு எடம் இருக்கான்னு அளந்துட்டு வாங்க,” என்றார்.

அன்றைக்கே ஸ்ட்ரெச்சர் மேடம் தன் அலுவலகத்தில் வரைபடத்தை விரித்து, குழாயின் வாயைத் தண்ணீருக்குக் கீழே இறக்கி வரைந்தார். ‘திருத்தம்’ என்று எழுதித் தேதி போட்டார்.