ஒரு மூட்டை வளையமும் மாடசாமியின் காலும்

அடுத்தவர் குடித்துப் போட்ட டின்னைக் குனிந்து எடுக்க ஆரம்பித்தால், இடுப்பு வலி வருவதற்கு முன்னாலேயே மரியாதை போய்விடும். நல்ல காரியம் என்று சொல்லிப் பழைய துணிக்கும் பழைய பேப்பருக்கும் வீடு வீடாக அலைந்த அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குற்றாலத்தில், ஐந்தருவி போகும் வழியில் இருக்கும் ஒரு லாட்ஜில் நான் மேனேஜர். உபதொழில், வளையம் பொறுக்குவது. குளிர்பான டின்னின் தலையில் இழுத்துத் திறப்பதற்கு ஒன்று இருக்குமே, அந்தச் சின்ன அலுமினிய வளையம்.

எல்லாம் மாடசாமிக்காக. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். செங்கோட்டை ரோட்டில் நடந்த பைக் விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. எண்ணெய் தேய்ப்பது கை வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு காலையும் ஊன்றி நின்று உடம்பின் கனத்தைக் கொடுத்தால்தான் அது தேய்ப்பு என்றான் அவன். எங்கள் லாட்ஜ் வாசலில் உட்கார்ந்து எண்ணெய் பாக்கெட் விற்க ஆரம்பித்தான். அருவிக்கரையில் அவன் நிற்கும் இடத்தை அடுத்த சாரல் சீசன் வரைக்கும் மச்சினன் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்குள் மாடசாமி எழுந்து நிற்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் மாடி ரூமில் தங்கியிருந்த ஒருவர், மதுரையில் ஒரு டிரஸ்ட் இருக்கிறது, ஒரு மூட்டை வளையம் சேர்த்துக் கொடுத்தால் அதை உருக்கிச் செயற்கைக் கால் செய்து தருவார்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டு ரூமைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

டீச்சரின் தர்மம்

ரிசப்ஷனில் ஒரு பெட்டியை வைத்து, 'ஒருவர் நடக்க உங்கள் வளையம் உதவும்' என்று எழுதி ஒட்டினேன். வாசுதேவநல்லூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். கையோடு வாங்கி வந்திருந்த டின்களில் இருந்த வளையத்தையெல்லாம் முன்னும் பின்னும் ஆட்டிப் பிடுங்கிப் பெட்டியில் போட்டார். கண்கூடக் கலங்கியிருந்தது. ஒரு டின்னையும் அவர்கள் இன்னும் திறந்திருக்கவில்லை என்பதை நானும் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டுக்காரர் டின்களை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார். மேலே பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டது. ஸ்குருடிரைவரால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்து கொடுத்தேன். முதல் டின் முழுக்க என் சட்டைக்குத்தான் போனது. நான் துடைத்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றிருந்துவிட்டு அவர் சொன்னார்: "தர்மம் பண்ணியாச்சு அண்ணாச்சி. தாகம் எடுத்தா என்ன செய்யணும்னு அதையும் சேர்த்து எழுதி ஒட்டிருங்க."

மரத்தடி வசூல்

குற்றாலத்துக் குரங்குகளுக்கு டின் என்றால் உயிர். ஆள் அசந்தால் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிடும். எங்கள் லாட்ஜில் ரூம் பெருக்கும் இசக்கியம்மாள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு மரத்தடியில் போய் நிற்பார். டின் கீழே விழுந்ததும் வளையத்தைப் பிய்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, டின்னைப் பேரூராட்சிக் குப்பை வண்டியில் போட்டுவிடுவார். ஒருநாள் தலையெல்லாம் நனைந்து வந்தார். மழையா என்று கேட்டேன். "அந்தக் கெழட்டுக் கொரங்குக்கு ஆரஞ்சுன்னா ஆகும் அண்ணாச்சி. கருப்புக் கலர்னா ஒரு வாய் குடிச்சிட்டு மிச்சத்த என் தலையில ஊத்துது."

சம்பந்தம்

லாட்ஜில் எலித் தொல்லை என்பதால் மூட்டையை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். பாதிக்குமேல் பீர் டின் வளையம். கழுவித்தான் வைத்தோம், வாசனை போகவில்லை. என் மகளைப் பெண் பார்க்க வீரகேரளம்புதூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். மூட்டையை இழுத்து அவிழ்த்தார். என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். நான் மாடசாமி, மதுரை, கால் என்று சொல்லச் சொல்ல, எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

ஏட்டு போய் விசாரித்திருப்பார் போல. சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். நிச்சயதார்த்தத்தன்று பழத்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பையையும் வைத்தார். உள்ளே வளையம். என் காதருகே வந்து சொன்னார்: "எல்லாம் அக்கம்பக்கத்துல வாங்குனது சம்பந்தி. ஒண்ணுகூட நம்ம வீட்டுது கெடையாது."

மூட்டை நிறைந்தது

மூட்டை நிறைவதற்குள் சாரல் வந்துவிட்டது. கூட்டம் வந்தது. மாடசாமியின் மச்சினன் அருவிக்கரை இடத்தைத் தனக்கே வைத்துக்கொண்டான். கேட்டதற்கு, ஒற்றைக்காலோடு வழுக்குப் பாறையில் எப்படி நிற்பாய் என்று திருப்பிக் கேட்டானாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. மாடசாமி, அவன் கேட்டதில் தப்பில்லை என்றான்.

ஒருவழியாக மூட்டை நிறைந்து வாயைத் தைத்த பிறகு, டிரஸ்டின் நம்பரை விசாரித்து வாங்கி போன் செய்தேன். வெறுங்கையோடு கூப்பிட்டால் மரியாதையாக இருக்காது என்று அதுவரை கூப்பிடவில்லை. எடுத்த பெண் அன்பாகத்தான் பேசினார். வளையத்தில் கால் செய்வதில்லை. பழைய உலோகமாக விற்று டிரஸ்ட் செலவுக்கு எடுத்துக்கொள்வார்கள். டின்னோடு அனுப்பியிருந்தால் கனமாவது இருந்திருக்கும். கால் வேண்டியவர்களுக்கு இலவசமாகவே செய்து கொடுக்கிறார்கள். நான் மாடசாமியின் கதை முழுவதையும் சொன்னேன். பிறகு கேட்டார்: "ஏன் சார், மூட்டைக்குப் பதிலா அவரைக் கூட்டிட்டு வந்திருந்தா போன வருஷமே அளவு எடுத்திருப்போமே?"

லாட்ஜ் கொல்லையில்

மூட்டையோடு மாடசாமியையும் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கால் வந்துவிட்டது. பிளாஸ்டிக்கும் இரும்புக் கம்பியுமாக, பார்க்க நன்றாகவே இருக்கிறது. அருவிக்கரை இடம் திரும்பக் கிடைக்கவில்லை. எங்கள் லாட்ஜின் கொல்லையில் பெஞ்சு போட்டுக் கொடுத்திருக்கிறேன். ரூமுக்கு வருகிறவர்களுக்கு அங்கே எண்ணெய் தேய்க்கிறான். டிரஸ்டில் அந்தப் பெண் கேட்டதை அவனிடம் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் ஒரு தடித்த முதுகில் அவன் கை ஓடிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

கை நின்றது. "அப்பம் ஒரு சீசன் சும்மா போச்சு, எடமும் போச்சு" என்றான். படுத்திருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்ததும் மறுபடி தேய்க்க ஆரம்பித்தான். நான் ரிசப்ஷனில் இருந்த வளையப் பெட்டியை எடுத்துவிடலாம் என்று உள்ளே திரும்பினேன். பின்னாலிருந்து குரல் கொடுத்தான்: "பெட்டிய எடுத்துராதிய அண்ணாச்சி. வளையம் போட வாரவன்தான் நின்னு எண்ணெய் எங்கன தேய்க்காவன்னு கேக்கான்."

ஒரு வருஷம் குனிந்து நிமிர்ந்ததில் நான் கற்றுக்கொண்டது, கால் வாங்கப் போகும்போது கால் இல்லாதவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான்.