துடைத்த விமானம்

அலுவலகம் விட்டு வந்தவள், படிக்கட்டில் பெயின்டர்கள் வைத்துவிட்டுப் போயிருந்த டர்பன்டைன் வாசனையில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனையூர் வீட்டில் அப்பா பிளாஸ்டிக் பொம்மை விமானம் செய்து பெயின்ட் அடித்தபோது வந்த வாசனை அது. அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். வேலை முடிந்து வந்து கைக்கரியைக் கழுவிவிட்டு, விமானத்துக்குக் கரி பூசுவார். அதன் புகைக்குழாய்க்குப் பின்னால் சிம்னி விளக்குக் கரியை விரலால் இழுப்பார். இறக்கை ஓரத்தில் வெள்ளிப் பெயின்டை ஸ்பாஞ்சால் ஒற்றி, நிறம் உதிர்ந்த மாதிரி ஆக்குவார்.

"எம்புட்டுக் கரி இருக்கோ அம்புட்டுத் தூரம் பறந்திருக்குன்னு அர்த்தம் ஆத்தா" என்பார். அவர் எந்த விமானத்திலும் ஏறியதில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது ஓர் ஆயுத பூஜையன்று வீட்டில் அரிவாள்மனை முதல் சைக்கிள்வரை கழுவிப் பொட்டு வைத்தோம். அப்பா டிப்போ பூஜைக்குப் போயிருந்தார். அவர் சந்தோஷப்படுவார் என்று, மண்ணெண்ணெய்த் துணியால் விமானத்தையும் பளபளவென்று துடைத்து வைத்தேன்.

வந்தவர் வெகுநேரம் அதையே பார்த்தார். அதன் மூக்கில் சந்தனம் வைத்தார்.

"இனிமேத்தான் பறக்கணும் போல" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுபடி கரி பூசவேயில்லை.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. விமானம் என் அலமாரியில் இருக்கிறது. அதன்மேல் படியும் தூசியை நான் யாரையும் துடைக்க விடுவதில்லை.