சாயங்காலம் ஏறி மத்தியானம் இறங்கியவர்

உலகப் படத்தின் கிழக்கு ஓரத் தீவொன்றில் இருக்கும் எங்கள் டிக்கெட் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக ஊரையே விமானம் ஏற்றி அனுப்பும் அக்கா, தான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. தெருவே அவரை நூலக்கா என்றுதான் கூப்பிடும். ஏதோ பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட உலக உருண்டையை மேசையில் வைத்திருப்பார். அதன்மேல் சிவப்புத் தையல் நூலை இழுத்துப் பிடித்து ஊருக்கு ஊர் தூரம் சொல்வார். நூலில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு மைப்புள்ளி. ஒரு புள்ளி, ஒரு மணி நேரப் பறப்பு. பக்கத்து மேசையில் பஸ் டிக்கெட் போடும் நான், "இன்னைக்கு யாருக்கு நூல் விடுறீங்க?" என்று கிண்டலடிப்பேன்.

புது மானேஜர் இரும்புக் கடையிலிருந்து வந்தவர். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அலுவலகத்தில் அவர் உருப்படியாகக் கிழிப்பது காலண்டர் தாளை மட்டும்தான். அதை வேறு யாரும் தொடக் கூடாது.

ஒரு வியாழக்கிழமை காலை வெல்டர் ஒருவர் வந்தார். விசா அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. கடலுக்கு அப்பால் படிக்கும் மகளுக்கு அதே வியாழன், அந்த ஊர் நேரப்படி மாலை ஆறு மணிக்குப் பட்டமளிப்பு விழா. தாயில்லாப் பெண். அரங்கில் அவளுக்காகக் கைதட்ட இவரை விட்டால் ஆளில்லை.

கம்ப்யூட்டரோ, வியாழன் மாலை ஏழுக்குக் கிளம்பும் விமானம் வியாழன் மதியம் பன்னிரண்டுக்கு இறங்கும் என்றது. மானேஜர் சிரித்தார். தேதி தப்பாக விழுந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைதான் போய்ச் சேரும் என்று அடித்துச் சொன்னார். வெல்டர் பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். நானும் மானேஜரைத்தான் நம்பினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"உக்காருங்கண்ணே," என்றார் நூலக்கா. உருண்டையில் நூலைப் போட்டுப் பன்னிரண்டு புள்ளி எண்ணினார். பத்தாயிரத்து நானூறு கிலோமீட்டர். நடுக்கடலில் மேலிருந்து கீழாக ஓடிய தேதிக் கோட்டில் விரலை வைத்தார். "பன்னெண்டு மணி நேரம் பறந்துதான் ஆகணும். கிழக்கே போறப்ப கடிகாரம் அஞ்சு மணி நேரம் முன்னால போகும். ஆனா இந்தக் கோட்டைத் தாண்டினா தேதி ஒரு நாள் பின்னால போயிடும். நீங்க இறங்கும்போது நமக்கு வெள்ளி காலை ஏழு மணி. அங்க வியாழக்கிழமை மத்தியானம்."

"சாயங்காலம் ஏறினவன் மத்தியானம் இறங்குவானா? யாருக்கும்மா காது குத்துற?" என்றார் மானேஜர்.

"அண்ணன் விழாவுக்குப் போய்ச் சேரலேன்னா, நாளையிலேருந்து நான் வேலைக்கு வரல சார்."

வெல்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாஸ்போர்ட்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை மானேஜர் காலண்டரில் வியாழக்கிழமைத் தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மதியம் தாண்டியும் அக்கா சாப்பாட்டைத் தொடவில்லை. இரண்டரைக்கு அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் ஒரே கைதட்டல்.

"தங்கச்சி, கை ரெண்டும் எரியுது, அவ்வளவு தட்டிட்டேன்," என்றார் வெல்டர். "உங்க மானேஜர்கிட்ட சொல்லுங்க, இங்க இன்னும் வியாழக்கிழமைதான்."

நான் மேசையைத் தட்டினேன். டிக்கெட் வாங்க நின்றவர்கள்கூடச் சேர்ந்துகொண்டார்கள். நூலக்கா சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

மறுநாள் காலை மானேஜரின் கை காலண்டருக்குப் போய் அப்படியே நின்றது. அக்கா பக்கம் திரும்பினார்.

"கிழிக்கலாமாம்மா?"