அம்பாசடருக்கு முன்பாரம்

எங்கள் வீட்டில் புத்தகம் பார்த்து வேலை செய்த முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் வந்த புத்தகங்கள் இரண்டு. ஒன்று ரேஷன் கடையுடையது, மற்றது அம்பாசடரின் ஆர்.சி. புத்தகம்.

அம்பாசடர் அப்பாவுடையது. ராஜபாளையத்தில் மில்லுக்குப் பஞ்சு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியை விட்டுவிட்டு வாங்கிய கார். இருபது வருடம் மாப்பிள்ளைகளை ஊர்வலம் கொண்டுபோனது. இப்போதைய மாப்பிள்ளைகள் கூரை திறக்கிற கார் கேட்கிறார்கள்.

"திங்கக்கெழம பழைய இரும்புக்காரரு வாராரு. அவிய அழுதாலும் சரி, வண்டியத் தள்ளி விட்டுரணும்" என்று அம்மா என்னிடம் சொன்னாள். 'அவிய', அதாவது அப்பா, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. இரண்டாவது தடவை ரசம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. கல்யாண வீடுகளுக்கு சீரியல் லைட் போடுகிற ஒருவர், தன் ஜெனரேட்டர் டிரெய்லரை இழுக்க வண்டி தேடிக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டேன். ஞாயிறு சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வரவேற்பு. "ஒழுங்கா கொண்டு சேத்துட்டா முகூர்த்த சீசன் பூரா நீங்களே இழுங்க" என்றார். சேர்க்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. எனக்கு இரும்புக்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

காருக்குப் பின்னால் கொக்கி வைக்க அப்பாவும் நானும் வெல்டரிடம் போனோம்.

"பம்பர்ல நாலு வெல்டு. சோலி முடிஞ்சுது."

"பம்பர் இழுவையத் தாங்காதுண்ணே."

"பின்ன பம்பரு எதுக்குத் தம்பி இருக்கு?"

"இடிக்கதுக்கு."

"இடிக்கதும் இழுக்கதும் ஒண்ணுதான். தெச மட்டும் வேற."

நான் காருக்கு அடியில் படுத்து, டிக்கித் தரைக்குக் கீழே ஓடுகிற கனமான சட்டத்தைச் சாக்பீஸால் குறித்தேன். அதில் தடித்த இரும்புப் பட்டை வைத்து, துளை போட்டு, போல்ட் முடுக்கி, அதன் நுனியில் டிரெய்லரின் மூக்கு கவ்விக்கொள்ளும் இரும்பு உருண்டையை மாட்டினோம். கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் தாங்க, அதன் அடியில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும்படி இரண்டு சங்கிலி. பிரேக் லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் வயர். அப்பா சங்கிலிகளை மட்டும் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டா? அத்துக்கிட்டு ஓடிருமாக்கும்?"

ஞாயிறு மத்தியானம் பாரம் ஏற்றினோம். ஜெனரேட்டரை நடுவில் வைத்துக் கட்டினோம். கேபிள் சுருள்களையும் டீசல் கேன்களையும் அப்பாவே ஏற்றினார். எல்லாம் பின்பக்கம். டிரெய்லரின் மூக்கை ஒரே விரலால் தூக்க வரும் வரை பாரத்தை நகர்த்திக்கொண்டே இருந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டுத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியாலே? பூ மாதிரி. கழுத்துல பாரம் ஏறக் கூடாது. வாயில்லா ஜீவன்."

"அப்பா, இதுக்கு முன்பாரம் வேணும். மொத்த எடையில பத்துல ஒரு பங்காவது மூக்குல அமுங்கணும். புக்குல போட்டிருக்கு."

"புக்கு எழுதுனவன் மாடு வச்சிருந்தானா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாததைச் சொல்லக் கூடாது என்று, ஸ்டியரிங்கைப் பிடித்த அப்பாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டும் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. பாதி வழியில், ரோடு லேசாக இறங்குகிற இடத்தில், ஒரு பஸ் எங்களை முந்தியது. அந்தக் காற்றில் டிரெய்லர் இடப்பக்கம் ஒரு ஆட்டம் ஆடியது. பிறகு வலப்பக்கம், அதைவிடப் பெரிதாக. காரின் பின்பக்கத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவது போல் இருந்தது.

"ஹோ! ஹோ!" என்றார் அப்பா. மாட்டுக்குச் சொல்வது.

"பிரேக்கைத் தொடாதீங்கப்பா! ஸ்டியரிங்க நேராப் பிடிங்க, ஆக்சிலரேட்டர்ல இருந்து மட்டும் கால எடுங்க!"

எடுத்தார். வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்தது. கார் புளியமரத்தடியில் நின்றது. அப்பா இறங்கி டிரெய்லரைச் சுற்றி வந்தார். ஒரு டீசல் கேனை எடுத்து முன்னால் வைத்தார். நான் ஒரு கேபிள் சுருளை எடுத்து வைத்தேன். எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினோம். அவர் மூக்கைக் கழற்றித் தூக்கிப் பார்த்தார். இப்போது இரண்டு கையும் தேவைப்பட்டது.

"காரு மாடு இல்லன்னு அப்பமே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேனேப்பா."

"நீ புக்குன்னுல்ல சொன்ன."

மீதி வழியில் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். டிரெய்லர் அசையவில்லை. மடவார் வளாகத்தில் மண்டபத்துக்குள் அதை ரிவர்ஸில் விட எங்கள் இருவருக்கும் வரவில்லை. கார் ஒரு பக்கம் திரும்ப, டிரெய்லர் மறுபக்கம் போனது. கடைசியில் கழற்றிவிட்டோம், சமையல்காரர்கள் நான்கு பேர் தள்ளி உள்ளே வைத்தார்கள். லைட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "வர்ற வெள்ளிக்கெழமையும் இருக்கு. டிரெய்லர் உங்ககிட்டயே நிக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை இரும்புக்காரர் வந்தார். வாசலில் டிரெய்லர் மாட்டியபடி அம்பாசடர் நின்றது. அவர் சுற்றி வந்து, குனிந்து, பின்பக்கத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"பின்னாடி அமுங்கிப் போயிருக்கே. ஸ்பிரிங் பட்டை போயிருச்சோ?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா டிரெய்லரின் மூக்கில் கை வைத்தார்.

"அது முன்பாரம். அப்படித்தான் இருக்கணும். புக்குல போட்டிருக்கு."

"எந்த புக்குல?"

அப்பா என்னைக் கை காட்டினார். அம்மா உள்ளே போய், இரும்புக்காரருக்கு மட்டும் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்து, வழியனுப்பினாள்.