சிவப்பு அணையாத முழங்கால்

கற்பூரமும் புதினாவும் கலந்த தைல வாடை. பஸ்ஸில் யாராவது நெற்றியில் தேய்த்துக்கொண்டால் போதும், எனக்குக் குமட்டும். ஊருக்கெல்லாம் ஆறுதல் தரும் வாடை. எனக்கு மட்டும் வெந்த தோலின் வாடை. நெருப்பில் வெந்ததல்ல. பனிக்கட்டியில் வெந்தது.

எண்பதுகளின் தொடக்கம். அக்கா சுங்காய்ப் பக்க ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவள். ரப்பரைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள்; வேலை போய் அவள் ஈப்போவுக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்தாள். முழங்கால் வீங்கி, உரித்த தேங்காய் போலாயிற்று. திங்கட்கிழமை நிற்க முடியாவிட்டால் வேறு ஆள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதனால்தான் சனிக்கிழமை காலை அவளை நான் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் யாழ்ப்பாணத் தமிழர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அவர் அறையில் புதிதாக ஒரு கேமரா வந்திருந்தது, உடம்பின் சூட்டைத் திரையில் நிறமாகக் காட்டுவது. சூடு சிவப்பு, குளிர் நீலம். ஐஸ் வைக்கும்போது தோல் எவ்வளவு குளிர்கிறது என்று அதில் பார்த்துக்கொண்டே இருக்கலாமாம். அந்தக் கேமராவுக்கே குளிர் வேண்டும். நர்ஸ் அதன் கழுத்தில் திரவ நைட்ரஜனை ஊற்ற, வெள்ளைப் புகை வழிந்தது.

"சாம்பிராணி போடுறாங்களா தம்பி?" என்று அக்கா என் காதில் கேட்டாள். "கேமராவுக்குப் பேய் புடிச்சிருக்கு லா."

சிரித்தோம். அதுதான் அன்றைய கடைசிச் சிரிப்பு.

தோட்டத்தில் விடியற்காலைப் பனியில் இறங்குமுன் பெண்கள் காலில் சூட்டுத் தைலம் தேய்ப்பார்கள். இல்லையென்றால் குளிர் எலும்புக்குள் போய்விடும். ஐஸ் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அக்கா கிளினிக் கழிவறைக்குள் போய் அந்தத் தைலத்தைத் தொடையிலிருந்து கணுக்கால் வரை அழுத்தித் தேய்த்துக்கொண்டு வந்தாள். மூக்குள்ளவர்க்கெல்லாம் தெரியும் வாடை. டாக்டருக்குத் திரைதான் மூக்கு, திரைதான் விரல்.

ஐஸ் பையை வைத்தார்கள். திரையில் முழங்காலின் நடுவில் நீலம் பரவியது. சுற்றிலும் சிவப்பு வளையம், கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு போல, அணையவே இல்லை.

"வீக்கத்தின்ர சூடு இன்னும் இறங்கேல்லை," என்றார் டாக்டர். "ஐஸுக்குள்ள உப்புப் போடுங்கோ."

நர்ஸ் உப்பைக் கொட்டினாள். ஐஸை இன்னும் கடுங்குளிராக்க ஐஸ்கிரீம்காரன் பீப்பாயில் போடுவானே, அப்படி. பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார் இவர்: "பாருங்கோ, என்ன வடிவான படம்!" இருவரும் திரைமுன் குனிந்து நின்றார்கள். கட்டிலில் ஒரு மனுஷி கிடப்பதை அந்த அறை மறந்துவிட்டது. வாங்கிய பன்றிக் கறியை வைத்துவிட்டுத் தராசின் முள்ளை மட்டும் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"வலிக்குதாக்கா?"

"ஒண்ணும் தெரியல தம்பி. கால் இருக்கான்னே தெரியல."

எட்டிப் பார்த்தேன். பையின் ஓரம் தோல் மெழுகாய் வெளுத்திருந்தது.

"டாக்டர், காலைப் பாருங்க."

"பார்த்துக்கொண்டுதானே இருக்கிறன்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நானே பையைப் பிடுங்கி எறிந்தேன். தோல் மரக்கட்டை போலக் கிடந்தது. மெல்ல உயிர் வந்தபோது அக்கா கத்தினாள். தோட்டத்தில் பாம்பு கடித்தபோதுகூட அவள் அப்படிக் கத்தியதில்லை. பகல் சாய்வதற்குள் கொப்புளம் எழும்பி, மஞ்சள் நீர் கோத்துத் தொங்கியது. தைலமும் டெட்டாலும் அந்த நீரும் சேர்ந்த வாடையில் நான் வெளியே ஓடிப்போய்க் கால்வாயில் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது டாக்டர் அக்காவின் காலைத் தொட்ட விரலை முகர்ந்துகொண்டு நின்றார்.

"தைலம் பூசினீங்களோ? அதுதான் சிவப்பாக் காட்டியிருக்கு. ஏன் முதலே சொல்லேல்லை?"

"யாரு கேட்டா?" என்றாள் அக்கா.

அவர் முகம் கறுத்தது. வெட்கம் என்று நினைத்தேன். ஒரு கணம் அவர்மேல் இரக்கம்கூட வந்தது. அடுத்த கணமே கேமராவைக் கொப்புளத்தின் பக்கம் திருப்பினார். இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லையாம். அசையாமல் இருக்கச் சொன்னார். திரையில் என் அக்காவின் புண் ஊதாவும் பச்சையுமாகப் பூத்தது, அருவருப்பான அழகோடு. நான் துணியை இழுத்து மூடினேன். இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

நர்ஸ் கட்டுப் போட்டாள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கட்டுப் போட்ட காலை ஊன்றிப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். மறுபடி ஊன்றினாள்.

வாசல்வரை டாக்டர் வந்தார். குரல் இறங்கியிருந்தது. "திங்கட்கிழமை காலமை வாங்கோ, பிள்ளை. கட்டு மாத்தவேணும். அந்தக் கேமராவில ஒரு படமும் எடுத்துப் பார்ப்பம்."

அக்கா திரும்பாமலே சொன்னாள்: "திங்கட்கிழமை நான் வேலையில நிப்பேன், டாக்டர். படம் வேணும்னா அங்க வந்து எடுத்துக்குங்க."